லேப்டாப் ஆன் ஆக பத்து நிமிஷமா? ஃபார்மேட் பண்ணும் முன் இந்த ஒரு பட்டியலைப் பாருங்க!

பவர் பட்டனை அழுத்திவிட்டு, அடுப்பில் பாலை வைத்து, காபி கலந்து குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து பார்த்தாலும் அந்த நீல வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். டெஸ்க்டாப் படம் வந்துவிடும். ஐகான்களும் வந்துவிடும். ஆனால், எதைத் தொட்டாலும் 'நாட் ரெஸ்பாண்டிங்'. பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகளில் இது தினசரிக் காட்சி.

நம் ஊரில் அப்படிப்பட்ட வீடுகள் கொஞ்சநஞ்சமில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளி மாணவர்கள் வழியாக லட்சக்கணக்கான வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டர் வந்து சேர்ந்தது. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் விண்டோஸ் 7-ம் இருந்தது, சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது வாங்கிய அதே லேப்டாப்பில் தம்பி காலேஜ் ப்ராஜெக்ட்டை முடித்திருப்பான். இப்போது அது அப்பாவின் பழைய பாட்டுகளுக்கும் அம்மாவின் கல்யாண ஆல்பத்துக்கும் பெட்டகம்.

அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "ஃபார்மேட் அடிச்சிடலாம்". அடித்தால் வேகம் வரும், உண்மைதான். ஆனால் காப்பி எடுக்க மறந்த போட்டோக்கள், பாமினி எழுத்தில் டைப் செய்த கடிதங்கள், காலாவதியான சிடியிலிருந்து எப்போதோ ஏற்றிய பிரின்டர் டிரைவர் எல்லாம் போய்விடும். வீட்டுக்கு வந்ததும் அதே சாஃப்ட்வேர்களை மறுபடி ஏற்றுவோம். ஆறு மாதத்தில் மீண்டும் காபி போட நேரம் கிடைக்கும்.

மந்தமான பழைய கம்ப்யூட்டர்களில் பலவற்றுக்கு நோய் முதுமை அல்ல. ஆன் செய்த உடனே, நாம் கூப்பிடாமலே ஓடிவந்து உட்காரும் புரோகிராம்கள்தான். 'ஸ்டார்ட்அப் புரோகிராம்ஸ்' என்று பெயர். அவற்றைக் கட்டுப்படுத்தும் வசதி கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கிறது. பைசா செலவில்லை, இன்டர்நெட் தேவையில்லை, எதையும் டவுன்லோடு செய்ய வேண்டியதும் இல்லை.

கதவு திறந்ததும் நெரிசல்

ரேஷன் கடை திறக்கும் நேரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எடை போடுபவர் ஒருவர். கதவு திறந்ததும் முப்பது பேர் ஒரே நேரத்தில் பையை நீட்டுகிறார்கள். அவர் ஒருவருக்கு அரை கிலோ போட்டுவிட்டு, இன்னொருவர் சத்தம் போட்டதும் அவரிடம் திரும்பி, மறுபடி முதல் ஆளிடம் வந்தால் என்ன ஆகும்? யாருக்கும் சீக்கிரம் கிடைக்காது.

பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்க் அந்த எடை போடுபவர்தான். அதற்குள் சுழலும் தட்டு இருக்கிறது. லேப்டாப்களில் வழக்கமாக இருந்த வகை நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். கேட்கப் பெரிய வேகம்போலத் தோன்றும். கணக்குப் போட்டால் ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி. படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், தகவல் இருக்கும் இடம் சுற்றிக்கொண்டு அதன் கீழே வர வேண்டும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை எடுக்கச் சொன்னால் விநாடிக்கு நூறு எடுப்பதே பெரும்பாடு. ஒரு புரோகிராம் எழுந்து நிற்க இப்படிப்பட்ட துண்டுகள் நூற்றுக்கணக்கில் தேவை. இருபது புரோகிராம்கள் ஒன்றாக எழுந்தால், முனை அங்குமிங்கும் அலைவதிலேயே நேரம் போய்விடும். அந்த 'கிர்ர் கிர்ர்' சத்தம் இதுதான்.

அடுத்தது ரேம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் குறிப்பிட்ட குறைந்தபட்சத் தேவை 32 பிட் வகைக்கு 1 ஜிபி, 64 பிட் வகைக்கு 2 ஜிபி. 2 ஜிபி மட்டுமே உள்ள மெஷினில் கூப்பிடாத விருந்தாளிகள் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டால், இடம் போதாமல் விண்டோஸ் தகவல்களை ஹார்டு டிஸ்க்கில் எழுதி எழுதி வைக்கும். ஏற்கெனவே திணறும் அதே ஹார்டு டிஸ்க்கில்!

மூடிய கடைக்குக் காவல்

இவர்களை யார் உள்ளே விட்டது? நாம்தான். ஒரு சாஃப்ட்வேரை ஏற்றும்போது 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ்' என்று தட்டிக்கொண்டே போவோமே, அதில் ஏதோ ஒரு திரையில் 'விண்டோஸ் தொடங்கும்போதே இதுவும் தொடங்கட்டும்' என்பதற்கு எதிரே ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். பல சாஃப்ட்வேர்கள் அதைக்கூடக் கேட்பதில்லை. பிடிஎஃப் படிக்கும் சாஃப்ட்வேர், நாம் கிளிக் செய்தால் சட்டென்று திறக்கவேண்டும் என்பதற்காக முன்கூட்டியே பாதி எழுந்து உட்கார்ந்திருக்கும். மாதத்துக்கு ஒரு பிடிஎஃப் பார்ப்பவருக்கு இது எதற்கு?

பழைய கம்ப்யூட்டர்களில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. யாஹூ மெசஞ்சர் சேவை 2018 ஜூலை 17 அன்றே மூடப்பட்டுவிட்டது. ஸ்கைப் 2025 மே மாதத்தோடு விடைபெற்றது. விண்டோஸுக்கான குவிக்டைமை ஆப்பிள் 2016-லேயே கைவிட்டது. கூகுளின் பிகாசாவும் அதே ஆண்டு நின்றுபோனது. ஆனால், இவற்றை எப்போதோ ஏற்றிவிட்டு மறந்துபோன கம்ப்யூட்டர்களில், அவற்றின் உதவியாளர்கள் இன்றும் காலையில் தவறாமல் எழுந்து, இல்லாத சேவைக்காகக் காத்துக்கொண்டிருக்கலாம். மூடிய கடைக்கு வாட்ச்மேன் சம்பளம் கொடுப்பதுபோல!

எட்டு எழுத்து சாவி

'விண்டோஸ்' கீயைப் பிடித்துக்கொண்டு 'ஆர்' கீயை அழுத்துங்கள். இடப்பக்கக் கீழ் மூலையில் 'ரன்' என்று ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு எழுத்துகளையும் இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். 'எம்எஸ்கான்ஃபிக்' என்ற இந்தக் கருவி விண்டோஸ் 98-ல் அறிமுகமானது. எக்ஸ்பி, விஸ்டா, விண்டோஸ் 7 மூன்றிலும் இருக்கிறது. இடையில் வந்த விண்டோஸ் 2000-ல் மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள்.

திறக்கும் பெட்டியில் மேலே 'ஸ்டார்ட்அப்' என்ற டேபைத் தொட்டால் பட்டியல் வரும். புரோகிராமின் பெயர், தயாரித்த நிறுவனம், அது எந்த ஃபோல்டரிலிருந்து ஓடுகிறது என்ற முகவரி, எல்லாம் வரிசையாக இருக்கும். முகவரி முழுதாகத் தெரியாவிட்டால் தலைப்புகளுக்கு நடுவே உள்ள கோட்டை இழுத்து அகலப்படுத்தலாம். தேவையில்லாததன் எதிரே உள்ள டிக்கை எடுத்துவிட்டு, 'அப்ளை', பிறகு 'ஓகே'. ரீஸ்டார்ட் செய்யவா என்று கேட்கும். செய்யுங்கள். எக்ஸ்பியாக இருந்தால், அடுத்தமுறை ஆன் ஆகும்போது 'மாற்றம் செய்திருக்கிறீர்கள்' என்று ஒரு அறிவிப்பு வரும். பயப்பட வேண்டாம், இனிமேல் காட்டாதே என்று டிக் போட்டுவிட்டால் போதும்.

டிக்கை எடுப்பதால் அந்த சாஃப்ட்வேர் அழிந்துவிடாது. தானாக எழுவது மட்டும்தான் நிற்கும். வேண்டும்போது ஐகானைக் கிளிக் செய்து வழக்கம்போலப் பயன்படுத்தலாம். மனசு மாறினால் அதே இடத்தில் மறுபடி டிக் போடலாம். அதனால்தான் துணிந்து கைவைக்கச் சொல்ல முடிகிறது.

விண்டோஸ் 8 அல்லது 10 வைத்திருப்பவர்களுக்கு இடம் மாறிவிட்டது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' வரும். அதிலேயே 'ஸ்டார்ட்அப்' இருக்கிறது. எந்த புரோகிராம் எவ்வளவு பாரம் என்பதையும் 'ஹை, மீடியம், லோ' என்று அதுவே சொல்லிவிடும். விண்டோஸ் 7-காரர்களுக்கு அந்த சொகுசு இல்லை. யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

யாரை அனுப்பலாம், யாரை வைக்கலாம்?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 'எல்லாவற்றையும் எடுத்துவிடு' என்று சொல்லும் வீடியோக்கள் ஏராளம். கேட்காதீர்கள்.

தயங்காமல் அனுப்பக்கூடியவர்கள் உண்டு. அடோபி ரீடரின் 'ஸ்பீட் லாஞ்சர்', குவிக்டைம், ஐடியூன்ஸ் ஹெல்பர், டொரன்ட், ஒன்நோட்டின் குவிக் லாஞ்ச், மூடப்பட்ட மெசஞ்சர்கள், பிரின்டரில் மை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருக்கும் மானிட்டர், பழைய டேட்டா கார்டோடு வந்த புரோகிராம். டேட்டா கார்டு செருகும் டாங்கிள் பீரோவுக்கு அடியில் எங்கோ தொலைந்திருக்கும். அதன் சாஃப்ட்வேர் மட்டும் தினமும் சிக்னல் தேடிக்கொண்டிருக்கும். இந்த ரகத்தை கன்ட்ரோல் பேனலுக்குப் போய் ஒரேயடியாக 'அன்இன்ஸ்டால்' செய்வதே நல்லது. பிரின்டர் மானிட்டரை மட்டும் டிக் எடுப்பதோடு நிறுத்துங்கள். பெரும்பாலான பிரின்டர்கள் அது இல்லாமலே அச்சடிக்கும். ஸ்கேன் பட்டன் வேலை செய்யாவிட்டால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.

தொடவே கூடாதவர் ஆன்டிவைரஸ். ஆன் ஆனதும் எழுவதுதான் அதன் வேலையே. ஆன்டிவைரஸால் மெஷின் திணறுகிறதா? ஒன்றுக்கு இரண்டு ஏற்றி வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். பழைய ஆன்டிவைரஸ் சந்தா முடிந்ததும் அதை எடுக்காமலே புதியதைப் போடுவது நம் வீடுகளில் சகஜம். இரண்டும் ஒவ்வொரு ஃபைலையும் சோதிக்கப் போட்டி போட, மெஷின் படுத்துவிடும். ஒன்றை முறைப்படி அன்இன்ஸ்டால் செய்தாலே பாதிச் சுமை இறங்கும்.

டச்பேடுக்கான புரோகிராமையும் விட்டுவிடுங்கள். 'சினாப்டிக்ஸ்' என்ற பெயரில் பல லேப்டாப்களில் இருக்கும். அதை நிறுத்தினால் அம்புக்குறி நகரும். ஆனால், ஓரத்தில் விரலை இழுத்து ஸ்க்ரோல் செய்வது போன்ற வசதிகள் போய்விடலாம். 'டச்பேட் ரிப்பேர்' என்று கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

ரியல்டெக் ஆடியோ மேனேஜர், இன்டெல் கிராஃபிக்ஸின் ட்ரே ஐகான் போன்றவை நடுத்தரம். பெயரைப் பார்த்ததும், 'இதை எடுத்தால் சத்தமே வராதோ, திரையே இருண்டுவிடுமோ' என்று தோன்றும். வராது. சத்தத்தையும் படத்தையும் தருவது டிரைவர், அது வேறு. பட்டியலில் இருப்பது கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்கும் செட்டிங்ஸ் பொத்தான் மட்டும். ஹெட்ஃபோன் செருகினால் வரும் அறிவிப்பு, ஷார்ட்கட் கீகள் போன்ற சிலதை இழக்கலாம். பழக்கம் இல்லாதவர்கள் இவற்றை அப்படியே விட்டால் நஷ்டமில்லை.

தமிழில் டைப் செய்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. இ-கலப்பை, என்.ஹெச்.எம். ரைட்டர் போன்ற தமிழ் விசைப்பலகை மென்பொருள்களும் இதே பட்டியலில்தான் நிற்கும். நாம் எந்த கீயை அழுத்துகிறோம் என்று பார்த்து அந்த இடத்தில் தமிழ் எழுத்தைப் போடுவதற்கு அவை எப்போதும் விழித்திருக்க வேண்டும். ஆர்வக்கோளாறில் அந்த டிக்கையும் எடுத்துவிட்டு, 'தமிழே வரமாட்டேங்குது, ஃபான்ட் போயிடுச்சு' என்று புலம்பி பயனில்லை. எக்ஸ்பியில் 'சிடிஎஃப்மான்' என்று ஒன்று இருக்கும். அதுவும் மொழி மாற்றித் தட்டுவதற்கானதுதான், இருக்கட்டும்.

பெயர் தெரியாத ஆள்

பட்டியலில் தயாரிப்பாளர் இடத்தில் 'அன்னோன்' என்று சில வரிகள் இருக்கும். உடனே வைரஸ் என்று முடிவு கட்ட வேண்டாம். சின்ன நிறுவனங்களும் தனிநபர்களும் எழுதிய நல்ல மென்பொருள்களுக்கும் அப்படி வரும். பார்க்க வேண்டியது முகவரியை. 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரிலிருந்து ஓடினால் பெரும்பாலும் நாம் ஏற்றியதாக இருக்கும். 'டெம்ப்' ஃபோல்டரிலிருந்தோ, அர்த்தமில்லாத எழுத்துக் கோவையான பெயரிலோ ஓடினால் சந்தேகப்படுங்கள்.

விண்டோஸின் உள்வேலைகளைச் செய்யும் நிஜமான புரோகிராம் ஒன்றுக்கு 'எஸ்விசிஹோஸ்ட்' என்று பெயர். 'வி' எழுத்தையும் 'சி' எழுத்தையும் இடம் மாற்றி 'எஸ்சிவிஹோஸ்ட்' என்று வேஷம் போட்டு வந்த வைரஸ்கள் உண்டு. சரியான பெயரிலேயே இருந்தாலும், அசலானது இந்த ஸ்டார்ட்அப் பட்டியலில் வந்து நிற்க வேண்டிய ஆள் இல்லை. அங்கே பார்த்தால் டிக்கை எடுப்பதோடு நிற்காமல் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். ஜெராக்ஸ் கடையில் பென் டிரைவைச் செருகிவிட்டு வந்த பழக்கம் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

எடுத்த டிக் மறுநாள் திரும்ப வந்துவிட்டதா? அல்லது ஒரே பெயர் டிக்குடன் ஒன்று, டிக் இல்லாமல் ஒன்று என்று இரண்டு வரிகளாக நிற்கிறதா? அந்த சாஃப்ட்வேர் தன்னைத்தானே மறுபடி சேர்த்துக்கொண்டது என்று அர்த்தம். அதைத் திறந்து, அதன் 'ஆப்ஷன்ஸ்' அல்லது 'ப்ரிஃபரன்சஸ்' பகுதியில் தானாகத் தொடங்கும் வசதியை அங்கேயே நிறுத்துங்கள். சொல்லப்போனால் எப்போதும் முதலில் போக வேண்டிய இடமே அதுதான். எம்எஸ்கான்ஃபிக் அடிப்படையில் கோளாறு கண்டுபிடிக்க உருவான கருவி.

'உங்கள் கம்ப்யூட்டரை ராக்கெட் ஆக்குகிறோம்' என்று விளம்பரம் செய்யும் பூஸ்டர் சாஃப்ட்வேர்களில் பலவும் ஏற்றியதும் செய்யும் முதல் வேலை, இதே ஸ்டார்ட்அப் பட்டியலில் தாங்களும் ஓர் இடம் பிடித்துக்கொள்வது!

பக்கத்து அறைக்குள் போகாதீர்கள்

எம்எஸ்கான்ஃபிக் பெட்டியில் 'பூட்' என்று இன்னொரு டேப் உண்டு. அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போனால் புராசஸர் எண்ணிக்கை, அதிகபட்ச மெமரி என்று இரண்டு கட்டங்கள். 'இங்கே 4 என்று போட்டால் கம்ப்யூட்டர் நான்கு மடங்கு வேகம்' என்ற வதந்தி பல வருடங்களாகச் சுற்றுகிறது. நம்பாதீர்கள். எதையும் தொடாவிட்டாலே விண்டோஸ் இருக்கிற எல்லா புராசஸர் கோர்களையும்தான் பயன்படுத்துகிறது. அந்தக் கட்டங்கள் இருப்பதைக் குறைத்துப் பார்ப்பதற்கு. சாஃப்ட்வேர் எழுதுபவர்கள் சோதனைக்குப் பயன்படுத்துவது. வேகம் கூட்ட நினைத்து எண்ணைத் தப்பாகப் போட்டு, உள்ள ரேமையும் இழந்தவர்களும் உண்டு. ஏற்கெனவே யாராவது டிக் போட்டு வைத்திருந்தால் அதை எடுத்துவிடுங்கள்.

'சர்வீசஸ்' டேப் அதைவிட ஆபத்து. அங்கே ஒன்றை நிறுத்தினால் வைஃபை போகலாம், இன்னொன்றை நிறுத்தினால் பிரின்ட் போகலாம். பார்த்தே ஆக வேண்டும் என்றால், கீழே மைக்ரோசாஃப்ட் சர்வீஸ்களை மறைக்கச் சொல்லும் கட்டத்தில் முதலில் டிக் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் பாருங்கள்.

மீறி ஏதோ ஆகிவிட்டதா? விண்டோஸ் 7-ல் ஆன் செய்தவுடன் எஃப்8 கீயைத் தட்டிக்கொண்டே இருந்தால் 'சேஃப் மோட்' கிடைக்கும். அதில் ஸ்டார்ட்அப் புரோகிராம்கள் ஓடாது. அங்கிருந்து எம்எஸ்கான்ஃபிக் திறந்து, முதல் டேபில் 'நார்மல் ஸ்டார்ட்அப்' கொடுத்தால் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். அதற்கு முன், டிக் எடுக்கும்போதே செல்போனில் பட்டியலை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்ல பழக்கம். ஒரே நாளில் இருபதையும் எடுக்காமல் நாலைந்தாக எடுத்தால், எதை எடுத்ததால் எது போனது என்றும் தெரியும்.

உண்மையிலேயே வேகம் கூடியதா, மனப்பிரமையா? விண்டோஸ் 7 இதற்குக் கணக்கு எழுதி வைக்கிறது, பலருக்குத் தெரியாது. ஸ்டார்ட் மெனுவில் 'ஈவன்ட் வியூவர்' தேடித் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்டு சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று ஒவ்வொன்றாக உள்ளே போங்கள். அதில் 100 என்ற எண்ணுள்ள பதிவு, ஆன் ஆக எத்தனை மில்லி விநாடி ஆனது என்று சொல்லும். ஆயிரத்தால் வகுத்தால் விநாடி. 101 என்ற எண்ணுள்ள பதிவுகள், வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்த புரோகிராம்களைப் பெயர் சொல்லிக் காட்டிக்கொடுக்கும்.

இத்தனையும் செய்து மந்தம் தீரவில்லை என்றால் பழுது வேறு இடத்தில் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் 'டக் டக்' என்று தட்டும் சத்தம் கேட்டால் வேறு எதையும் செய்யாமல் முதலில் போட்டோக்களைக் காப்பி எடுங்கள். டிஸ்க் நன்றாக இருந்து, இன்னும் சில வருடம் ஓட்டும் எண்ணமும் இருந்தால், அதை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுவதுதான் செலவுக்கு ஏற்ற பலன் தரும். அதில் சுழலும் தட்டும் இல்லை, அலையும் முனையும் இல்லை.

வேகத்தைத் திரும்ப வாங்கலாம், பாதுகாப்பை வாங்க முடியாது. எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8-லும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-லும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கே 2025 அக்டோபர் 14 கடைசி நாளாகிவிட்டது. புதிதாக ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அடைக்க ஆள் இல்லை. அதனால் வேகமாகிவிட்ட பழைய லேப்டாப்பில் பாட்டு கேட்கலாம், பிள்ளைகள் டைப்பிங் பழகலாம், கல்யாண ஆல்பத்தைப் பார்க்கலாம், வீட்டுக் கணக்கு எழுதலாம். நெட் பேங்கிங், ஏடிஎம் கார்டு நம்பர், ஆதார் நகல் இந்த மூன்றும் அதன் பக்கமே போக வேண்டாம். இன்டர்நெட் தேவைப்படாத நாள்களில் வைஃபையையும் அணைத்தே வைத்திருங்கள்.